பத்து நிமிடம் தள்ளி நின்றவள்

லொரைன், லொரைன், லொரைன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் தம்பி ரஸ்ஸல் அந்தப் பெயரை ஏழு தடவை சொல்லிவிட்டான். பெவர்லி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"லொரைன் உருளைக்கிழங்கைத் தோலோட வறுப்பா, பெவ். அப்பத்தான் மொறுமொறுன்னு வருமாம்."

"ஓஹோ."

"கிரேவில வெங்காயம் போடுவோம் நாங்க."

"நாங்களா? சரி சரி, ஆறிடப் போகுது, சாப்பிடு."

முப்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவளுக்கு கிரேவி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! அதுவும் யார்? லொரைன் ஆட்டர்ஷா. இதே ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரே வகுப்பில் பெவர்லிக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தவள். சமையல் வகுப்பில் முட்டையை வேகவைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்த்தவள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டு, பெவர்லியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டவள். நாற்பது வருடம் கழித்து எங்கிருந்தோ முளைத்து வந்து, ரஸ்ஸலின் உதவியாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள், யாருக்குத்தான் வயிறு எரியாது?

ரஸ்ஸலுக்கு நாற்பத்தெட்டு வயது. எதுவும் அவனுக்கு மெதுவாகத்தான் ஏறும், பிறவியிலேயே அப்படி. எழுத்துக் கூட்டிப் படிப்பான். மணி பார்ப்பான். ஆனால் திடீரென்று ஏதாவது மாறிவிட்டால் திகைத்து நின்றுவிடுவான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலமே அவனைப் பெட்டியோடு தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள் பெவர்லி. அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த கிரஹாம், "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றான். ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ரஸ்ஸலுக்கு நகம் வெட்டியது யார்? அவனுக்கு வந்த காகிதங்களை நிரப்பியது யார்? எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவனைக் கேட்டால் பதில் சொன்னது யார்? எல்லாம் பெவர்லிதான்.

அப்படி இருந்தவன், போன வருடம் வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் சும்மா ஒரு பேச்சுக்கு, "உனக்கு என்ன வேணும் ரஸ்ஸல்?" என்று கேட்டதற்கு, "எனக்குன்னு ஒரு வீடு," என்று சொல்லிவிட்டான். பெவர்லி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோய்விட்டான். தினமும் ஐந்து மணி நேரம் லொரைன் வருவாள். அவள் எதையும் செய்து தர மாட்டாள். அவன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு வேலையா என்று பெவர்லி பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோரிடமும் கேட்டுவிட்டாள்.

"பெவ், எனக்கு வேலை கிடைச்சிருக்கு," என்றான் ரஸ்ஸல், வாயில் உருளைக்கிழங்கோடு.

"என்னது?"

"ஊருக்கு வெளியே செடி விக்கிற பெரிய கடை இருக்குல்ல, அங்க கஃபேல பாத்திரம் கழுவுறது. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. நீ வேலைக்குப் போற மாதிரி நானும் போவேன். சட்டைல பேர் குத்தித் தருவாங்க."

"அவ்வளவு தூரம் யாரு கூட்டிட்டுப் போவா?"

"யாரும் வேண்டாம். ரெண்டு பஸ். தனியாப் போகத் தெரிஞ்சாத்தான் வேலை. பழகிட்டிருக்கேன்." பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். "இது என் திட்டம். நீ படிக்கணும்னு நானே கொண்டு வந்தேன்."

"படிக்கிறேன், படிக்கிறேன்," என்று சொல்லி அதை வாங்கி, பீட்ஸாக் கடை விளம்பரங்கள் கிடக்கும் இழுப்பறையில் தள்ளினாள். மூன்று மணிக்கு அவன் கிளம்பிவிட்டான். லொரைனும் அவனுமாகச் சேர்ந்து ஜன்னல் திரை மாட்ட வேண்டுமாம்.

பெவர்லிக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை மாட்டிறைச்சிக் குழம்பு ஒரு சட்டி வைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவளிடம் ஒரு சாவி உண்டு. திறந்துகொண்டு உள்ளே போனால், சமையலறையில் ரஸ்ஸல் நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு காரட் வெட்டிக்கொண்டிருந்தான். லொரைன் சுவரில் சாய்ந்து நின்றாள். நாற்பது வருடத்தில் உடம்பு பெருத்துவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"பெல் அடிச்சிட்டு வரணும் பெவ். இது அவன் வீடு," என்றாள்.

"என் தம்பி வீட்டுக்கு வர எனக்கு நீ சட்டம் சொல்றியா? ஏய் ரஸ்ஸல், கத்தியை இப்படியா பிடிப்பாங்க? கொடு இங்க."

"விடு பெவ். அவன் பிடிச்சுக்குவான். நீ வந்ததும் பிடுங்கிட்டேன்னா நான் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"விரலை வெட்டிக்கிட்டா?"

"வெட்டிக்கிட்டா பிளாஸ்திரி போடுவோம். ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டாச்சு, இல்லடா?" ரஸ்ஸல் கட்டைவிரலைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான். லொரைன் சிரித்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. நாள் பூரா 'பெவ் இப்படிப் பண்ண மாட்டா, பெவ் அப்படிப் பண்ண மாட்டா'ன்னு கேட்டு என் காது புளிச்சுப் போச்சு."

கேலி பண்ணுகிறாள் என்றே பெவர்லி நினைத்தாள். சட்டியை டொக்கென்று மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் கதவை அடித்துச் சாத்தியதில் தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. "திமிர் பிடிச்சவ!" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துத் திட்டினாள்.

மறுநாள்தான் அது நடந்தது. பள்ளிக்கூடம் முடிந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாங்க நகரத்துக்குள் போனவள் பஸ் நிலையத்தைக் கடந்தபோது ரஸ்ஸலைப் பார்த்தாள். தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் ஏற வேண்டிய பஸ்ஸை அன்றைக்கு வேறு மேடைக்கு மாற்றியிருந்தார்கள், அறிவிப்பு ஒட்டியிருந்தது. ரஸ்ஸல் அந்த அறிவிப்பைப் பார்க்கிறான், மேடையைப் பார்க்கிறான், தொப்பியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். பயந்தால் அப்படித்தான் செய்வான். பெவர்லி ஓடப் போனாள். அப்போதுதான் கண்ணில் பட்டாள் அவள். நிலையத்தின் அந்தக் கோடியில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று லொரைன் இறைச்சி பஃப் தின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், அடுத்த வாய் கடிக்கிறாள். நகரவில்லை.

பெவர்லிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கூடவே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு குதூகலமும் வந்தது. மாட்டினாயா! கைபேசியை எடுத்து இரண்டு படம் பிடித்தாள். ஒன்றில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரஸ்ஸல், இன்னொன்றில் பஃப்பும் கையுமாக லொரைன்.

படம் பிடித்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ரஸ்ஸல் ஒரு பஸ் டிரைவரிடம் போய் ஏதோ கேட்டதைப் பார்த்தாள். டிரைவர் கை நீட்டிக் காட்டினார். ரஸ்ஸல் அந்த மேடைக்கு நடந்து போய், எண்ணைப் படித்து, பஸ் அட்டையைக் காட்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் கிளம்பும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இத்தனை வருடத்தில் பெவர்லி பார்க்காத சிரிப்பு. அதுதான் அவள் நெஞ்சைக் குத்தியது. அந்தச் சிரிப்பை அவனுக்குக் கொடுத்தவள் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமே நகராட்சிக்கு ஃபோன் போட்டாள். ஆதரவு தேவைப்படுகிறவர்களை யாராவது கவனிக்காமல் விட்டால் புகார் சொல்ல ஒரு தனிப் பிரிவு உண்டு. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க தம்பி கஷ்டப்பட்டாருன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தொப்பியைக் கழட்டிக் கழட்டி மாட்டினான். எனக்குத் தெரியாதா? அந்தம்மா நின்னு தின்னுட்டிருந்தா. படம் இருக்கு, அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

பெவர்லி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "தெரியாதுங்க. எனக்கு வேலை இருந்துச்சு, கிளம்பிட்டேன்," என்றாள்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் விசாரித்து முடிக்கும்வரை உதவியாளர் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, ஃபோனும் பண்ணக் கூடாது. அதுதான் விதி. வெள்ளிக்கிழமை முதல் லொரைன் வரவில்லை. அவளுக்குப் பதிலாக நாளுக்கு ஒருத்தர் வந்தார்கள். ஒருவன் ரஸ்ஸலுக்கு டீ போட்டுக்கொடுத்துவிட்டு டிவி பார்த்தான். இன்னொருத்தி அவனை ரோனல்ட் என்று கூப்பிட்டாள். பஸ் பழக்கத்தை அவர்கள் யாரும் தொடவில்லை, பொறுப்பு யார் ஏற்பது? விசாரணை முடியட்டும் என்றார்கள். கஃபேக்காரர்களோ அந்தத் திங்கட்கிழமைக்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெவர்லிக்கு அந்த ஒன்றரை வாரம் திருவிழாதான். தினமும் வேலை முடிந்ததும் ரஸ்ஸல் வீட்டுக்குப் போனாள். கிரேவி வைத்தாள், வெங்காயம் போடாமல். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டாள். "அந்த வேலை போனாப் போகுதுடா. கையெல்லாம் சோப்புத் தண்ணில ஊறிப் போகும். என்கிட்ட சொல்லு, பள்ளிக்கூடத்துல ஏதாவது கேட்டுப் பார்க்கிறேன்," என்றாள். ரஸ்ஸல் சரி என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்றான். தன் தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

ஒரு ராத்திரி பீட்ஸாக் கடை எண்ணைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது அந்த உறை கையில் பட்டது. பிரித்தாள். பெரிய எழுத்தும் படங்களுமாக நாலு பக்கம். முதல் படத்தில், பஸ்ஸில் லொரைன் அவன் பக்கத்து இருக்கையில். அப்புறம் பின் இருக்கையில். நான்காவது படத்தில் பஸ் நிலையம். கீழே எழுதியிருந்தது: 'லொரைன் தூரமாக நிற்பாள். நான் குழம்பினால் நானே யாரையாவது கேட்பேன். பத்து நிமிடம் வரை அவள் கிட்டே வரக் கூடாது. இது நான் சொன்னது.' அடியில் ரஸ்ஸல் என்று கோணல்மாணலாகக் கையெழுத்து.

பெவர்லி அதை மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். நாளைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போய்விட்டது. சொன்னால் அவள் திரும்பி வந்துவிடுவாளே!

வேலைக்குச் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. ரஸ்ஸல் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

"சாப்பிடலையா?"

"லொரைனுக்கு என்னைப் பிடிக்கல, பெவ்."

"யாரு சொன்னா?"

"சலிச்சுப் போச்சு அவளுக்கு. நான் ஒரு தடவை தப்பான நிறுத்தத்துல இறங்கிட்டேன். அவ அன்னிக்கு மழைல நடந்தா. கிரஹாம் போன மாதிரி போயிட்டா." அவன் தன் கைகளையே பார்த்தான். "எல்லாருக்கும் என்னைப் பார்த்தா சலிச்சுப் போயிடுது. உனக்கும் சலிக்கும். அப்ப நான் என்ன பண்ணுவேன்?"

பெவர்லி கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கிரஹாம் போன காரணத்தை அவள் இவனிடம் சொன்னதே இல்லை. இருபத்தொரு வருடம் இவன் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அவ போகலடா. போகச் சொன்னாங்க. நான்தான் புகார் கொடுத்தேன்."

ரஸ்ஸல் நிமிர்ந்து பார்த்தான். "என்னன்னு?"

"பஸ் நிலையத்துல நீ முழிச்சிட்டு நின்னே. அவ பேசாம தள்ளி நின்னா. அதைச் சொன்னேன்."

"நான் டிரைவர்கிட்ட கேட்டதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பஸ்ல ஏறினதை?"

"பார்த்தேண்டா."

"அதைச் சொன்னியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லல," என்றாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய் மழைக்கோட்டை மாட்டினான், தொப்பி வைத்தான், பஸ் அட்டை இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தான்.

"எங்கடா போறே?"

"ஆபீசுக்கு. உதவியாளருங்க ஆபீசுக்கு."

"அது அந்தக் கோடில இருக்கு! ரெண்டு பஸ் மாறணும், நீ அங்க தனியாப் போனதே இல்ல. இரு, கார்ல போயிடலாம்."

"வேண்டாம். என் பின்னாடி வராதே."

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தான். கார் சாவி அவள் கையில் இருந்தது. ஓட வேண்டும் என்று கால் துடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. பஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகும் நின்றாள். பத்து நிமிடம் என்பது இவ்வளவு நீளமா? இதையா அந்தப் பொம்பளை தினமும் செய்தாள்? வாயில் எதையாவது போட்டு மெல்லாமல் இருந்தால் யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

பிறகு காரை எடுத்தாள். அலுவலகத்துக்கு எதிரே நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. கால் மணி ஆனது, அரை மணி ஆனது. இந்தப் பாழாய்ப்போன மழை! தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டானோ? எங்கேயாவது நின்று தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறானோ? நாற்பதாவது நிமிடம் தெருமுனையில் ரஸ்ஸல் தெரிந்தான். தொப்பி தலையில் இருந்தது. ஒரு கிழவரிடம் ஏதோ கேட்டான், அவர் காட்டிய பக்கம் திரும்பினான், நேராக வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பெவர்லி பின்னாலேயே ஓடினாள்.

மேனேஜர் மிஸஸ் ஹெலிவெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கார்ல வந்தீங்களா?"

"அவ கார்ல வந்தா. நான் பஸ்ல வந்தேன்," என்றான் ரஸ்ஸல். அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் பேசணும். லொரைன் தப்புப் பண்ணல. அது என் திட்டம்."

"பேசலாம் ரஸ்ஸல். உன் அக்காவும் உள்ளே இருக்கட்டுமா? நீதான் சொல்லணும்."

டாக்டர் அறை, நகராட்சி அறை, வங்கி அறை, எந்த அறையிலும் பெவர்லி இல்லாமல் அவன் பேசியதில்லை. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்துவிட்டாள்.

"வேண்டாம். வெளியே இருக்கட்டும்," என்றான் ரஸ்ஸல்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் அவன் குரல் கேட்டது, நின்று நின்று, ஆனால் விடாமல். முன்பின் தெரியாத அந்த மேனேஜர் மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவரிடம் அவன் முழுசாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானே! அவள் ஃபோனை எடுத்து நகராட்சிப் பெண்ணைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு நான் கிளம்பிப் போகல. நின்னு கடைசி வரைக்கும் பார்த்தேன். அவனே கேட்டு, அவனே ஏறிப் போனான். அந்தம்மா தள்ளி நின்னு அழுதா. பொறாமைல மறைச்சுட்டேன். எழுதிக்குங்க, பொறாமைலன்னே எழுதிக்குங்க," என்றாள்.

ரஸ்ஸல் வெளியே வந்தபோது எழுந்து நின்றாள். "மன்னிச்சிடுடா."

அவன் யோசித்தான். "நான் கோபமா இருக்கேன், பெவ். வியாழக்கிழமை வரைக்கும் இருப்பேன். வீட்டுக்கு வராதே. வெள்ளிக்கிழமை ஃபோன் பண்றேன்."

புதன், வியாழன் இரண்டு நாளும் பெவர்லிக்கு எதுவும் ஓடவில்லை. கஸ்டர்டில் கட்டி தட்டியது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து ஃபோனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு மணி அடித்தது.

"பெவ், நான்தான். லொரைன் திங்கக்கிழமையில இருந்து வரலாமாம். வேலையும் போகலை. நான் ஆபீசுக்குத் தனியாப் போனேன்னு மிஸஸ் ஹெலிவெல் கஃபேக்குச் சொல்லிட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்டா." அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லொரைன் என்ற பெயர் காதில் விழுந்ததும் எரியவும் செய்தது. "அப்ப நான் நாளைக்கு வரட்டுமா?"

"இல்ல. கோபம் இன்னும் முடியல. வியாழக்கிழமைக்குள்ள முடியும்னு நினைச்சேன். ரொம்ப இருக்கு. இன்னும் ஒரு வாரம் ஆகும் போல."

"சரிடா." கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "ரஸ்ஸல், லொரைன் மேல உனக்கு இப்படிக் கோபம் வந்திருக்கா? ஒரு தடவையாவது?"

"வந்திருக்கு. டீ குடிச்சாப் போயிடும்."

"அப்புறம் என் மேல மட்டும் ஏண்டா இத்தனை நாளைக்கு?"

இதென்ன கேள்வி என்பது போல இருந்தது அவன் குரல்.

"அவ என் அக்கா இல்லையே, பெவ்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான்.